ஐம்பத்தோராவது பொம்மையும் ஒன்பதாம் தலைமுறை வாக்கியமும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஓர் அச்சிலிருந்து நூறு பிள்ளையார்கள் பிறக்கிறார்கள். எங்கோ ஒரு தரவு மையத்தில் ஒரு மொழி மாதிரியிலிருந்து இலட்சம் தமிழ்ப் பத்திகள் பிறக்கின்றன. இரண்டின் மீதும் சுமத்தப்படும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: எல்லாம் ஒரே வார்ப்பு, செய்தவரின் கை எங்கே? குற்றச்சாட்டு ஒன்றாக இருப்பதால் குற்றமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

இந்த ஆய்வுக்கு விருத்தாசலத்தைத் தேர்ந்ததற்குப் பீங்கான் மட்டும் காரணமில்லை. எழுத்தாளர் புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரில் இந்த ஊரின் பெயரையே சுமந்து, இதே கடலூர்ச் சீமையின் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர். ‘கோவேறு கழுதைகள்’ எழுதிய இமையம் வாழ்வதும் விருத்தாசலத்தில்தான். முன்னவர் ‘எது யாருடைய எழுத்து’ என்ற சண்டையின் நடுவில் நின்றவர். பின்னவர் அதுவரை அச்சேறாத பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தவர். நமக்கு இருவருமே தேவைப்படுவார்கள்.

குழம்பு

பொம்மைக்கு மூலப்பொருள் களிமண்ணும் பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்த குழம்பு. தொழிலில் அதை ‘ஸ்லிப்’ என்பார்கள். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த வெண்களிமண் இந்தத் தொழில் இங்கே வேரூன்ற ஒரு காரணம். மொழி மாதிரிக்கு மூலப்பொருள் இணையத்தில் கிடக்கும் எழுத்து. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தட்டச்சு செய்து வைத்த இலக்கியங்கள், விக்கிப்பீடியாக் கட்டுரைகள், நாளிதழ்ச் செய்திகள், திரைப்படக் கிசுகிசு எல்லாம் அதில் ஒன்றாகக் கரைகின்றன. கலக்கிய பிறகு எந்தத் துகள் எந்தக் குழியில் வெட்டியது என்று குழம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. விடையாக வரும் வாக்கியத்தைப் பார்த்து அதன் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வெட்டியது என்றும் சொல்ல முடியாது.

ஒற்றுமை இங்கேயே நின்றுவிடுகிறது. களிமண்ணுக்கு லோடு கணக்கில் விலை உண்டு. கொடுத்தவர் யார் என்று பட்டறையின் கணக்குப் புத்தகம் சொல்லும். சொற்களைக் கொடுத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கணக்குப் புத்தகமும் இல்லை.

அடர்த்தியிலும் ஒரு பாடம் இருக்கிறது. குழம்பில் தண்ணீர் கூடினால் அச்சு சீக்கிரம் ஊறிப்போகும், பொம்மை கூடுதலாகச் சுருங்கும், உலரும்போது வெடிப்பும் விடும். அதனால்தான் தண்ணீரைக் குறைத்தும் குழம்பு ஓட வேண்டும் என்று சோடியம் சிலிக்கேட்டைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். தமிழ் மொழிக் குழம்போ இயல்பிலேயே நீர்த்தது. மொழி மாதிரிகளுக்குத் தீனியாகும் பெரிய இணையத் திரட்டுகளில் ஏறத்தாழப் பாதி ஆங்கிலம். தமிழ் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் குறையை ஆங்கிலம் நிரப்புகிறது. சொல் தமிழாகவும் எலும்பு ஆங்கிலமாகவும் இருக்கும் வாக்கியங்கள் வருவது இதனால்தான். பட்டறையில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். எழுத்தில் அதைக் காணப் பழகிய காது வேண்டும்.

அச்சு

இனி வருவது இந்த ஒப்பீட்டின் முதல் வியப்பு. பிளாஸ்டர் அச்சின் கடமை ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பத் தருவது. இரண்டு பொம்மைகளுக்குள் வேறுபாடு தெரிந்தால் அது பழுது. மொழி மாதிரியின் கடமை ஒவ்வொரு முறையும் வேறொன்றைத் தருவது. இரண்டு விடைகளுக்குள் ஒற்றுமை தெரிந்தால் அதுவே பழுது. முதலாவது மாறாதிருக்க முயன்று, தேய்மானத்தால் மாறிப்போகிறது. இரண்டாவது மாற முயன்று, பழக்கத்தால் ஒன்றுபோலாகிறது.

இது வெறும் மனப்பதிவு இல்லை. 2024இல் ‘சயன்ஸ் அட்வான்ஸஸ்’ இதழில் தோஷி, ஹவுசர் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 300 பேரை எட்டு வாக்கியக் கதை எழுதச் சொல்லி, ஒரு பகுதியினருக்கு மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் யோசனை கேட்க அனுமதி தந்தார்கள். யோசனை பெற்றவர்களின் கதைகள் தனித்தனியே பார்க்கும்போது மேம்பட்டவையாக மதிப்பிடப்பட்டன. ஒன்றாக அடுக்கியபோதோ அவை ஒன்றையொன்று கூடுதலாக ஒத்திருந்தன. ஒரு பொம்மையை மட்டும் வாங்கிக் கொலுவில் வைப்பவருக்கு அச்சு தெரியாது. கடையின் அலமாரி முழுவதையும் பார்ப்பவருக்குத்தான் தெரியும். வாசகர் முதலாமவர், பதிப்பாசிரியர் இரண்டாமவர். எழுத்து ஒன்றுபோலாகும் சேதி பத்திரிகை அலுவலகங்களுக்கு முதலில் எட்டியதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு தலைகீழ் ஒற்றுமையும் உண்டு. வார்ப்புப் பொம்மை உள்ளே கூடானது. அச்சின் சுவர் தண்ணீரை உறிஞ்சி, வேண்டிய கனத்துக்குக் களிமண் படிந்ததும், மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். இந்த வெறுமை சிக்கனத்துக்காக மட்டுமில்லை. கனத்த திண்மப் பொம்மையில் ஈரம் சிக்கிக்கொண்டால் சூளையில் அது வெடித்துவிடும். பொம்மை நிலைப்பதே உள்ளீடு இல்லாததால்தான். எந்திர எழுத்தைப் பற்றியும் ‘வெளியே வழவழப்பு, உள்ளே வெற்று’ என்கிறோம். அங்கே அது பழியாகிறது. வெற்றெனத் தொடுத்தலும் சென்று தேய்ந்திறுதலும் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் அடங்கும் என்று நன்னூல் வகுத்துவைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்திரக் கட்டுரை ஒன்றைப் படித்தால் எதிர்பார்த்ததைவிட அதிகப் பெட்டிகளில் சரிக்குறி விழும்.

கை

அச்சிலிருந்து எடுத்த பொம்மை விற்பனைக்கு ஆகாது. இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் கோடு நிற்கும். அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். உலர்த்தி, ஒரு முறை சுட்டு, கிளேஸ் தோய்த்து, மறுபடி சுட வேண்டும். வண்ணம் தீட்டும் வகை என்றால் கண் திறக்க வேண்டும். ஒரே அச்சில் வந்த இரண்டு முகங்கள் கண் எழுதியவரின் தூரிகையில்தான் பிரிகின்றன. எந்திரத்திலிருந்து வந்த பத்தியும் அப்படியே வெளியீட்டுக்கு ஆகாது. இணைப்புக் கோடு அதிலும் உண்டு: தேவையில்லாத ‘மேலும்’, எல்லாப் பத்தியின் இறுதியிலும் ஓர் அறிவுரை, யாருக்கும் நோகாத முடிவுரை. சுரண்டும் கை இல்லாவிட்டால் அவை நின்றுவிடும்.

ஜப்பானின் ரியே குடான் 2024 ஜனவரியில் அகுதாகவா பரிசு பெற்றபோது, தம் நாவலில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சாட்ஜிபிடி தந்த வரிகள் என்று சொன்னார். பரபரப்பு எழுந்தது. கதைக்குள் ஒரு பாத்திரம் எந்திரத்திடம் கேள்வி கேட்கும் இடங்களில், எந்திரம் தரும் விடைக்கு மட்டுமே அவ்வரிகளைப் பயன்படுத்தியதாகப் பிறகு விளக்கினார். அச்சில் எடுத்த துண்டை, அச்சில் எடுத்தது என்று தெரியும் இடத்திலேயே பொருத்தியிருக்கிறார். விவாதம் விழுக்காட்டைச் சுற்றியே நடந்தது. கவனிக்கத்தக்கது பொருத்திய இடம்.

இதன் மறுமுனையையும் பார்க்கலாம். 2023 பிப்ரவரியில் அமெரிக்க அறிவியல் புனைவு இதழான ‘கிளார்க்ஸ்வோர்ல்ட்’, எந்திரக் கதைகள் வந்து குவிந்ததால் படைப்புகள் வாங்குவதையே சிலகாலம் நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் அமேசான், தன் சுயவெளியீட்டுத் தளத்தில் ஒருவர் ஒரு நாளில் மூன்று நூல்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு வைத்தது. நாளுக்கு மூன்று நூல் என்பது எழுத்துக்குரிய வேகமில்லை, வார்ப்புக்குரிய வேகம். ஆனால் பட்டறை இங்கே நேர்மையில் ஒருபடி மேல்: வளைந்ததையும் விரிசல் விட்டதையும் தரம் பிரித்து ஒதுக்குவது அங்கே செய்பவரின் பொறுப்பு. எந்திர நூலைக் குவிப்பவர் அந்த வேலையைப் பத்திரிகையின் தலையிலும் வாசகரின் தலையிலும் கட்டிவிடுகிறார்.

பெயர்

பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு பெயரும் இருக்காது. மூல உருவைச் செதுக்கியவர், அச்சு எடுத்தவர், குழம்பு ஊற்றியவர், சுரண்டியவர், கண் எழுதியவர் என ஐந்தாறு கைகள், ஒன்றுக்கும் பெயரில்லை. எந்திரம் தந்த கவிதையில் பெயர் இருக்கும், ஆனால் அது கட்டளையைத் தட்டியவரின் பெயர். முன்னதில் உழைத்தவர்கள் எல்லோரும் மறைகிறார்கள். பின்னதில் உழைத்தவர்கள் மறைய, கேட்டவர் மட்டும் தெரிகிறார்.

தமிழ் மரபு இந்தச் சிக்கலை அறியாததன்று. தொல்காப்பியம் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலை நான்கு வகையாக்குகிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. இன்று உரையாடல் செயலிகளிடம் மக்கள் கேட்கும் வேலைகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். ‘சுருக்கித் தா’, ‘விரிவாக்கித் தா’, ‘சுருக்கியும் வேண்டிய இடத்தில் விரித்தும் தா’, ‘தமிழில் தா’. இலக்கணம் வகுத்த நான்கும் அப்படியே வந்து நிற்கின்றன. எந்திரத்தை ஒரு வழிநூலாசிரியனாக ஏற்றுக்கொண்டுவிடலாம் போலவே தோன்றுகிறது.

தடை ஒன்றே ஒன்று. வழிநூல் தன் முதல்நூலை அறிந்து அதன் வழியே செல்ல வேண்டும். பின்னவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் கொண்டுவர வேண்டும் என்கிறது நன்னூல். கம்பர் தம் இராமாயணப் பாயிரத்திலேயே, வடமொழியில் இக்கதையைச் செய்தவர் மூவர் என்றும், அவர்களுள் முதல்வரைத் தாம் பின்பற்றியதாகவும் அறிவித்துவிடுகிறார். கதை தம்முடையது இல்லை என்று சொன்னதால் அவர் ஆசிரியர் இல்லாமல் போகவில்லை. எந்திரம் நான்கு தொழிலையும் செய்கிறது. ஆனால் முதல்நூல் எது என்று கேட்டால் அதனிடம் உறுதியான விடை இல்லை. சில வேளை இல்லாத நூலொன்றைப் பெயரோடு சொல்லியும்விடுகிறது.

சொ. விருத்தாசலம் இந்த இடத்தில் நுழைகிறார். 1930களின் இதழ்ச் சண்டைகளில் தழுவலை அவர் இலக்கியத் திருட்டுக்கு இணையாக வைத்துத் தாக்கினார். அயல்மொழிக் கதையைக் கொண்டுவருவதென்றால் மொழிபெயர்ப்பே முறை, ஊரையும் பேரையும் மாற்றித் தமிழ்க் கதைபோல உலவவிடக் கூடாது என்பது அவர் கட்சி. கல்கியோடு மோதியதும் இதை ஒட்டித்தான். அவருடைய கதைகள் சிலவே மாப்பசானின் தழுவல்கள் என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலும் பின்னரும் எழுந்தது என்பது வரலாற்றின் குறும்பு. அந்த வழக்கில் யார் பக்கம் நின்றாலும் ஒன்றைக் கவனிக்கலாம்: ஆய்வாளர்களால் கதையையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. மூலம் ஒன்று என்பதால் வழக்கு சாத்தியமானது. கோடி மூலங்கள் கரைந்த பத்தியில் குற்றம் சாட்டவும் இடமில்லை, விடுவிக்கவும் இடமில்லை.

உரிமை

அடுத்த வியப்பு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 15ஆவது பிரிவு சொல்வது இது: வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் படியெடுத்தால், அதன் பதிப்புரிமை முடிந்துபோகும். அப்படிப்பட்ட ஒரு புதிய வடிவத்தைச் செய்து பதியாமல் விடும் பட்டறைக்கு, ஐம்பத்தோராவது பொம்மை அச்சை விட்டு வெளிவரும்போது உரிமை கைநழுவிவிடுகிறது. எது தூய கலைப்படைப்பு, எது தொழில் வடிவம் என்பதில் நீதிமன்றங்கள் இன்றும் கோடு கிழித்துக்கொண்டிருக்கின்றன என்பது வேறு. நூலாசிரியருக்கோ இப்படி ஓர் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஐம்பது படி விற்றாலும் ஐந்து இலட்சம் விற்றாலும் ஆயுட்காலமும் அதற்குப் பின் அறுபது ஆண்டுகளும் உரிமை நிற்கும். பெருகினால் பொம்மை பொதுவாகிறது. பெருகினாலும் நூல் தனியாகவே நிற்கிறது.

நின்றது என்று சொல்வது இன்னும் பொருத்தமாக இருக்கலாம். எழுத்தையும் தொழில்முறையில் பெருக்கும் கருவி வந்தபின் இரு சட்டங்களுக்கும் இடையிலிருந்த சுவர் மெலிகிறது. 1994இன் திருத்தத்தால், கணினியால் உருவான இலக்கியப் படைப்புக்கு அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. மொழி மாதிரிகள் கனவிலும் இல்லாத காலத்துச் சொற்றொடர் அது. காரணமானவர் யார்: கட்டளை தட்டியவரா, மாதிரியைப் பயிற்றிய நிறுவனமா, பயிற்சிக்கு எழுத்தைத் தந்த ஆயிரமாயிரம் பேரா? 2020இல் ‘ராகவ்’ என்ற செயலியை இணை ஆசிரியராகக் காட்டிய ஓர் ஓவியத்தை நம் பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்தது. மறு ஆண்டே பதிவைத் திரும்பப் பெறும் அறிவிப்பை அனுப்பியது. அமெரிக்காவிலோ, ஆசிரியர் என்றால் மனிதராக இருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

எதிர்பாராத உறவு இதற்கும் அப்பால் இருக்கிறது. திருட்டு நூலகங்களிலிருந்து புத்தகங்களை இறக்கிய வழக்கில், செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஆந்த்ரோபிக் 2025இல் எழுத்தாளர்களுக்கு 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒரு நூலுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான நூல்களுக்கே அதில் பங்கு. தமிழில் எழுதித் தமிழ்நாட்டில் அச்சிட்ட நூல் அந்தப் பதிவேட்டில் ஏறுவது அரிது. விருத்தாசலத்துப் பொம்மையும் தமிழ் நாவலும் ஒரே வாசலில் நிறுத்தப்படுகின்றன: படைத்ததற்குச் சான்று உண்டு, பதிந்ததற்குச் சான்று இல்லை.

தேய்வு

பிளாஸ்டர் அச்சுக்கு ஆயுள் குறைவு. குழம்பிலுள்ள சோடியம் சிலிக்கேட்டே அதன் உட்சுவரை அரிக்கும்; நூறு வார்ப்புகளை நெருங்கும்போதே நகையின் நுண்கோடுகளும் விரல்களின் இடைவெளிகளும் மழுங்கத் தொடங்கும். அதனால் மூல உருவையும், புதிய அச்சுகளை எடுக்க உதவும் தாய் அச்சையும் தனியே காப்பாற்றுகிறார்கள். அவை இல்லாதவர் குறுக்கு வழி ஒன்றை நாடுவார்: சந்தையில் கிடைக்கும் சுட்ட பொம்மையிலிருந்தே அச்சு எடுப்பது. பீங்கான் கலவை உலர்ந்து வெந்து முடிவதற்குள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். 30 செ.மீ. உயரப் பொம்மையில் எடுத்த அச்சு 27 செ.மீ. பொம்மையைத் தரும். அதிலிருந்து எடுத்தால் 24, அடுத்தது 22க்கும் கீழே. அளவோடு சேர்ந்து முகமும் கரையும்.

மொழி மாதிரிகளில் இதே கதை 2024 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. ஷுமைலோவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு மாதிரி உமிழ்ந்த எழுத்தைக் கொண்டே அடுத்த மாதிரியைப் பயிற்றினார்கள். அது தந்ததைக் கொண்டு அதற்கடுத்ததை. இங்கிலாந்தின் பழைய தேவாலயக் கட்டடக்கலை பற்றிய ஒரு பத்தியில் தொடங்கிய தொடர், ஒன்பதாம் தலைமுறையில் பல நிற வால் கொண்ட முயல்களின் பட்டியலாக முடிந்தது. முதலில் தொலைவது அரிதான சொல்லும் அரிதான சேதியும். பொதுவானது மட்டும் தடித்து நிற்கும். பொம்மையில் விரல் இடைவெளி தூர்ந்துபோவதும் எழுத்தில் வட்டார வழக்கு தூர்ந்துபோவதும் ஒரே நிகழ்வின் இரண்டு வடிவங்கள்.

வேறுபாடும் உண்டு, அது கவலை தருவது. பட்டறையில் சுட்ட பொம்மையிலிருந்து அச்சு எடுப்பவருக்குத் தாம் செய்வது தெரியும். அளவுகோலை வைத்தால் எவருக்கும் தெரியும். இணையத்தில் எந்திரத் தமிழ் பெருகப் பெருக, அடுத்த மாதிரி எதைத் தின்கிறது என்பது அதைச் செய்பவருக்கே முழுதும் தெரியாது. குழம்பு ஏற்கெனவே நீர்த்திருக்கும் தமிழில், கொஞ்சம் எந்திர எழுத்துச் சேர்ந்தாலும் விகிதம் விரைவில் மாறும்.

இமையத்தின் இடம் இங்கே தெளிவாகிறது. 1994இல் ‘கோவேறு கழுதைகள்’ வந்தபோது, கடலூர் மாவட்டத்து உட்கிராமங்களின் பேச்சும் ஏச்சும் ஒப்பாரியும் ஒரு வண்ணார் குடும்பத்தின் வாழ்வோடு தமிழ் நாவலுக்குள் நுழைந்தன. எந்தக் குழம்பிலும் அவை முன்பு கரைந்திருக்கவில்லை. காதால் கேட்டவர் ஒருவர் எழுதியாக வேண்டியிருந்தது. 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘செல்லாத பணம்’ வரை அவர் செய்துவந்தது பட்டறையின் மொழியில் மூல உரு செதுக்குவதே. இனி எந்திரமும் அந்த வழக்கை ஓரளவு போலச்செய்யும். ஆனால் அடுத்த தலைமுறைப் பேச்சு மாறும்போது, அதைப் போய்க் கேட்டுவர அதற்குக் கால் இல்லை.

தீர்ப்பு

எடைபோட்டு முடிக்கும்போது, தொடக்கத்துக் குற்றச்சாட்டு இரண்டு தட்டிலும் நிற்கவில்லை. வார்ப்பு என்பதற்காகப் பொம்மை கைவினை இல்லாமல் போவதில்லை. கருவி தொட்டது என்பதற்காக எழுத்தும் எழுத்து இல்லாமல் போக வேண்டியதில்லை. இரண்டையும் சோதிக்க வேறு இரண்டு கேள்விகள் போதும். இதன் மூலம் எது என்று சொல்ல முடிகிறதா? இதில் பிழை இருந்தால் யார் பதில் சொல்வார்? கம்பர் இரண்டிலும் தேறுகிறார். மூல உருவைக் காத்து, விரிசல் விட்டதை ஒதுக்கும் பட்டறையும் தேறுகிறது, செதுக்கியவரின் பெயரை மறைத்த குறையோடு. எந்திரம் தனியாக நின்றால் இரண்டிலும் தவறுகிறது. அதைக் கருவியாகக் கொண்டு, மூலத்தைத் தேடிச் சரிபார்த்து, பிழைக்குத் தம் பெயரைப் பிணையாக வைக்கும் எழுத்தாளர் இரண்டிலும் தேற முடியும்.

இரண்டு தொழிலும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பொம்மை, நூலிடமிருந்து பெயர்ப்பக்கத்தைப் பெறலாம்: அடியில் செதுக்கியவர் பெயர், வடிவப் பதிவு எண். நூல், பட்டறையிடமிருந்து தாய் அச்சைப் பெறலாம்: புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமை ஆயின, அவை போன்ற மனித எழுத்து யாருடையது, எந்த ஆண்டினது, எந்தப் பதிப்பு என்ற குறிப்போடு எந்திர எழுத்து கலவாமல் தனியே காக்கப்பட வேண்டும். மின்னூலகங்கள் இதுவரை செய்தது சேகரிப்பு. இனி அவற்றுக்குக் காவல் வேலையும் சேர்கிறது. பதிப்பாளர்களும் ‘எந்திரத்தைத் தொட்டீர்களா?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘எங்கே தொட்டீர்கள், தொட்ட இடத்தின் மூலத்தைக் காட்ட முடியுமா?’ என்று ஒப்பந்தத்திலேயே கேட்கத் தொடங்கலாம். பொய் சொல்லத் தூண்டும் கேள்வி முன்னது. பதில் சொல்லத் தெரிந்தவரை ஆசிரியராக்கும் கேள்வி பின்னது.